பத்தாங் பெர்ஜுந்தாயில் வெயில் பிடித்தது

1

எங்கள் வீட்டுக் கூரையிலிருக்கும் சூரியத் தகடுகள் வேலை செய்யத் தொடங்கி இந்த வாரத்தோடு ஒரு வருடம் ஆகிறது. பொருத்திக் கொடுத்த நிறுவனம் கைபேசிக்கு ஒரு வாழ்த்துப் படம் அனுப்பியிருந்தது. பச்சை மலை, பல் தெரியச் சிரிக்கும் சூரியன், அதற்குக் கீழே நான் ஏகப்பட்ட மரங்களைக் காப்பாற்றிவிட்டேன் என்று ஒரு பாராட்டு. எங்கள் தாமான் குடியிருப்பை விட்டு வெளியே காலை வைத்தால் எந்தப் பக்கம் பார்த்தாலும் செம்பனைதான், எண்ணெய் எடுக்கிற பனை. மரத்துக்கு இங்கே என்ன பஞ்சம்?

மரத்துக்காக நான் இதைப் போடவில்லை. மின்கட்டணத்துக்காகவும் போடவில்லை, கேட்டவர்களிடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன் என்றாலும். என் மகள் தர்ஷினி வீட்டை விட்டுப் போய்விடக் கூடாது என்பதற்காகப் போட்டேன். அவள் இப்போது ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்தில் இருக்கிறாள். தகடுகள் இங்கே இருக்கின்றன.

ஊரில் இதைப் படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் விவரம் சொல்லிவிடுகிறேன். நான் சாத்தூர்ப் பக்கத்துக்காரன். ஆப்செட் அச்சு இயந்திரம் ஓட்டுகிறவனாக மலேசியாவுக்கு வந்து, சுங்கை சோவில் ஓர் அச்சகத்தில் சேர்ந்து, இங்கேயே கல்யாணம் கட்டி, இங்கேயே தலை நரைத்தவன். மனைவி லெட்சுமி தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில், பிறந்தவள். தோட்டம் கைமாறியபோது அவளுடைய அப்பாவுக்குக் கிடைத்த வீட்டில்தான் நாங்கள் குடியிருக்கிறோம். பத்தாங் பெர்ஜுந்தாய் என்கிற ஊர்ப்பெயரைப் பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றி வெகுகாலம் ஆகிறது. வாயில் யாரும் மாற்றவில்லை.

2

சாத்தூரில் வெயிலை யாரும் ஒரு பொருளாக மதித்ததில்லை. தீக்குச்சி காயும், வற்றல் காயும், துவைத்த துணி பிழிந்த கையோடு காய்ந்துவிடும். அந்த வேலைகள் முடிந்தால் மிச்ச நேரமெல்லாம் வெயிலைத் திட்டுவோம். அதை யாராவது பிடித்து வைத்துக் காசாக்குவார்கள் என்று அப்போது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். இப்போது எங்கள் மாவட்டத்தில் கரிசல் காட்டை வளைத்துப் போட்டுத் தகடு பரப்பியிருக்கிறார்களாம். போன முறை போனபோது பேருந்திலிருந்து பார்த்தேன். ஏரி மாதிரி மின்னியது. ஏரியில் தண்ணீர் இல்லை என்பது வேறு விஷயம்.

இங்கே நிலைமை நேர்மாறு. புழுக்கம் உண்டு, வியர்வை உண்டு, சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும். வெயில் மட்டும் முழுசாகக் கிடைக்காது. விடிந்தால் வெள்ளை வானம். சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் கொஞ்சம் நீலம் எட்டிப் பார்க்கும். அப்புறம் செரண்டா மலைப் பக்கமிருந்து மேகம் கிளம்பிவிடும். மத்தியானத் தூக்கம் போடுகிற நேரத்துக்குச் சரியாக இடி இடிக்கும். சில மாதங்களில் எங்கேயோ காடு எரித்த புகை வந்து சூரியனைப் பப்படம் போல் ஆக்கிவிடும், வெறும் கண்ணாலேயே பார்க்கலாம்.

இடி என்றதும் எனக்கு அப்பா நினைவுதான் வரும். அவர் தீப்பெட்டி ஆபீசில் போர்மேன். எங்கள் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்லுவோம். மேகம் கறுத்தால் அப்பா முதலில் செய்வது மெயின் சுவிட்சை இறக்குவது. அப்புறம் எல்லோரையும் வெளியே கூப்பிட்டு வேப்பமரத்தை விட்டுத் தள்ளி நிற்கவைப்பது. மருந்து இருக்கிற இடத்தில் ஒரு பொறி போதும். அதே பழக்கம் வீட்டுக்கும் வந்தது. வீட்டில் இருந்தது இரண்டு குண்டு பல்பும் ஒரு விசிறியும்தான். ஆனாலும் மழை இருட்டினால் அப்பா, "மெயினை அமத்துங்கடா" என்று தெருவிலிருந்தே சத்தம் கொடுத்துக்கொண்டு வருவார். பக்கத்துத் தெருவில் ஒரு பட்டாசு ஆபீஸ் மின்னல் விழுந்து வெடித்துப் போனதைச் சின்ன வயதில் கண்ணால் பார்த்தவன் நான். அதற்குப் பிறகு யாரும் எனக்கு இதைச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அந்தக் கையோடுதான் இந்த நாட்டுக்கு வந்தேன். இங்கேயோ தினம் இடி. லெட்சுமி வீட்டார் இடி இடித்தால் தொலைக்காட்சி ஒயரை மட்டும் பிடுங்கிப் போடுவார்கள். நான் மெயினையே இறக்குவேன். கல்யாணமான புதிதில் என் மாமனார், "மாப்பிள்ளைக்கு இடின்னா பயம் போல" என்று கெடாயில், அதுதான் கடையில், உட்கார்ந்து சொல்லிச் சிரித்தாராம். போகட்டும். குளிர்ப்பெட்டியில் ஐஸ் உருகுகிறது என்று லெட்சுமி முணுமுணுப்பாள், நான் காதில் போட்டுக்கொள்ளமாட்டேன்.

3

தர்ஷினி கணினி வேலைக்காரி. அவளுடைய நிறுவனம் கோலாலம்பூரில் இருந்தாலும் பெருந்தொற்றுக்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று விட்டுவிட்டார்கள். எனக்கு அது பெரிய யோகமாகப் பட்டது. தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாம் படித்து முடித்ததும் ஷா ஆலம், சிங்கப்பூர் என்று கிளம்பிப் போய்க்கொண்டிருந்த காலத்தில் என் பிள்ளை மட்டும் வீட்டோடு இருந்தாள்.

அவளுக்குக் கிடைத்தது வீட்டுக்குப் பின்னால் இழுத்துக் கட்டிய அறை. மேலே தகரம். காலை பத்து மணிக்குள் உள்ளே அடுப்பு மூட்டிய மாதிரி ஆகிவிடும். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஏர்கோன், ஊரில் சொல்கிற ஏசி, ஓடும். நான் பில்லைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் வெளியே போய் மீட்டர் பெட்டிக்கு முன்னால் நின்று பார்த்துவிட்டு வருவேன். ஏன் பார்ப்பேன் என்று எனக்கே தெரியாது, அச்சகத்தில் ஓடுகிற இயந்திரத்தின் எண்ணைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண். அவளுடைய அறை ஜன்னலுக்கு நேராக அந்த மீட்டர் இருந்தது.

ஒருநாள் சாப்பிடும்போது, நண்பர்களோடு சேர்ந்து கோலாலம்பூரில் ஓர் அறை எடுக்கப்போவதாகச் சொன்னாள். வேலை அப்படியேதான் இருக்கிறது, அறை எதற்கு என்று கேட்டேன்.

"அந்த ரூம்ல உக்காரவே முடியலப்பா, பானாஸ் லா, ஒரே சூடு. ஏர்கோன் போட்டா நீங்க வந்து மீட்டர் முன்னாடி நின்னுடுறீங்க. மீட்டிங்ல பேசிக்கிட்டு இருக்கேன், ஜன்னல்ல உங்க தலை தெரியுது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். லெட்சுமியும் சிரித்தாள். அன்றைக்கே முடிவு செய்தேன், பகலில் எவ்வளவு ஏர்கோன் ஓடினாலும் மீட்டர் அசையாதபடி பண்ணிவிட வேண்டும் என்று. எங்கள் வரிசையில் ஒரு சீனர் வீட்டில் தகடு போட்டிருந்தார்கள். போய் விசாரித்தேன். பகலில் தகடு கொடுக்கும், வீட்டுக்குப் போக மிச்சம் தெருக் கம்பிக்குப் போகும், சாயங்காலத்துக்கு மேல் தெருக் கம்பியிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளலாம், மாதக் கடைசியில் கொடுத்ததையும் எடுத்ததையும் கழித்துக்கொள்வார்கள் என்று விளக்கினார். மேகம் மூடுகிற ஊரில் இது வேலை செய்யுமா என்று கேட்டேன். மேகம் இருந்தால் குறையும், நிற்காது என்றார்.

தர்ஷினியிடம் சொன்னபோது அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "எனக்காகவாப்பா?" என்றாள். பில் ஏறிக்கொண்டே போகிறது, எல்லோரும் போடுகிறார்கள் என்று எதையோ சொல்லி மழுப்பினேன். ஆமாம் உனக்காகத்தான், போகாதே என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வாக்கியத்துக்கு எந்த அலுவலகத்து அனுமதியும் தேவைப்பட்டிருக்காது. அவளும் அறை எடுப்பதைத் தள்ளிப்போட்டாள். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

4

அலுவலகங்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் இந்தக் குறிப்பு முடியாது. சுருக்கமாகச் சொல்கிறேன்.

மின் இணைப்பு இன்னும் என் மாமனார் பெயரில் இருந்தது. அவர் இறந்து வருடக்கணக்காகிறது. ஒவ்வொரு மாதமும் அவர் பெயருக்கு பில் வரும், நான் கட்டுவேன், அவர் உயிரோடிருப்பது போல எல்லாம் நடந்துகொண்டிருந்தது. சூரிய மின்சாரத்துக்கு மனுப் போட வேண்டுமென்றால் இணைப்பு உயிரோடிருக்கிறவர் பெயருக்கு வர வேண்டும். அதற்கு வீடு லெட்சுமி பெயருக்கு முழுசாக வர வேண்டும். அதற்கு ஜோகூரில் இருக்கும் அவளுடைய அண்ணன் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அவருக்கு விடுமுறை கிடைக்க வேண்டும். எனக்கு நிரந்தரவாசிக்கான சிவப்பு ஐசிதான், குடியுரிமை அடையாள அட்டை இல்லை. அதனால் எந்த இடத்திலும் நான் நேரடியாகக் கையெழுத்துப் போடுகிற ஆள் இல்லை, கூடப் போகிற ஆள்.

கூடப் போனவன் சும்மாவாவது இருந்திருக்கலாம். லெட்சுமி கழிவறைக்குப் போயிருந்த நேரத்தில் முகப்பிலிருந்த மலாய்ப் பெண் ஏதோ கேட்க, எனக்குத் தெரிந்த மலாயில், மாமனார் 'மாத்தி' என்றேன். அந்தப் பெண் மிகவும் மரியாதையாக, மனிதர் இறந்ததற்குச் சொல்கிற சொல்லை எனக்கு எடுத்துக் கொடுத்தாள். மாத்தி என்பது மோட்டார் நின்றாலும் கோழி செத்தாலும் சொல்வது. இவ்வளவு காலம் இந்த நாட்டுச் சோற்றைத் தின்ற பிறகும் மாமனாரை மோட்டாராக்கிவிட்டேனே என்று வெட்கமாக இருந்தது. வீட்டுக்கு வந்து லெட்சுமி சொல்ல, தர்ஷினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். கைபேசித் திரையில் சிரிப்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஒருவழியாகப் பெயர் மாறியது. அதற்குள் அந்த வருடத்துக்கு அனுமதிக்கிற அளவு முடிந்துவிட்டது, அடுத்த திறப்புக்குக் காத்திருங்கள் என்றார்கள். காத்திருந்தோம். அனுமதி வந்தது. தகடுகளும் வந்தன. சுங்கை சோவிலிருந்து ஒரு தமிழ் வயர்மேனும் இரண்டு வங்காளதேசத்து ஆட்களும் கூரையில் ஏறி அடுக்கி முடித்தார்கள். சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டி, அதுதான் இன்வெர்ட்டர் என்றார் வயர்மேன். ஊரில் இன்வெர்ட்டர் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும், பேட்டரி வைத்து மின்வெட்டில் விளக்கெரிப்பது. அப்பாடா, இனி கரண்ட் போனாலும் கவலையில்லை என்றேன். அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். இதில் பேட்டரி கிடையாது, தெருவில் மின்சாரம் நின்றால் இதுவும் தானாக நின்றுவிடும், கம்பத்தில் வேலை செய்கிறவர்களுக்கு அடித்துவிடக் கூடாதல்லவா என்றார். நியாயம்தான் என்றேன். நான் கையால் மெயினை இறக்கினாலும் அந்தப் பெட்டிக்கு அது தெருவில் மின்சாரம் நின்ற மாதிரிதான் என்பது எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. தினமும் மத்தியானம் மெயினை இறக்குகிற ஒரு மனிதர் இருப்பார் என்று அவர் எப்படி நினைத்திருப்பார்?

ஒரு மணி நேரம் சோதனைக்கு ஓட்டிப் பார்த்துவிட்டு அணைத்துவிட்டார்கள். இருபக்கமும் ஓடுகிற புது மீட்டர் வந்து மாட்டினால்தான் போடலாமாம். தகடுகள் கூரையில் சும்மா கிடந்தன. மழை பெய்தது, வெயில் அடித்தது, புறா உட்கார்ந்தது.

5

பெர்த் வேலைக்கு தர்ஷினி எப்போது மனுப் போட்டாள் என்று எனக்குத் தெரியாது. லெட்சுமிக்குத் தெரிந்திருக்கிறது. நாங்கள் மீட்டருக்கும் அவள் விசாவுக்கும் ஒரே நேரத்தில் காத்திருந்திருக்கிறோம். விசா முந்திக்கொண்டது.

சொல்ல வந்தபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. நான் கேட்ட முதல் கேள்வியை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. இன்னும் கொஞ்ச நாளில் மீட்டர் வந்துவிடும், ஏர்கோனை நாள் முழுக்கப் போடலாமே என்றேன்.

"ஏர்கோனுக்காகப் போகலப்பா," என்றாள். "நீங்க சாத்தூர விட்டு வந்தீங்கல்ல, வெயிலுக்கா வந்தீங்க?"

எனக்கும் ஊரில் வேலை இருந்தது. சிவகாசியில் இல்லாத அச்சகமா? இருபது வயதில் கால் பரபரத்தது, வந்தேன். அவள் புழுக்கம் என்று ஒரு காரணம் சொன்னாள். அது என் கையால் தீர்க்க முடிகிற காரணமாக இருந்ததால் அதையே முழுக் காரணமாக எடுத்துக்கொண்டேன். கூரை பார்த்தேன், அனுமதி பார்த்தேன், பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை.

விமான நிலையத்துக்குக் கிளம்பும் முன் முற்றத்தில் நின்று கூரையை அண்ணாந்து பார்த்தாள். சோதனை ஓட்டத்தன்றே தகடுகளின் கணக்கைக் காட்டும் செயலியை அவள்தான் தன் மின்னஞ்சலில் பதிந்து வைத்திருந்தாள். கடவுச்சொல் என்றாலே நான் குழம்பிவிடுவேன் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மீட்டர் வந்ததும் சொல்லுங்கப்பா, அங்கிருந்தே பார்ப்பேன் என்றாள்.

அவள் போன மறுமாதம் மீட்டர் வந்தது. மாட்டிவிட்டுப் போன அன்று வானம் தெளிவாக இருந்தது. வெள்ளைப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. லெட்சுமி பள்ளிக்கூடக் கேண்டீனில் வேலைக்குப் போயிருந்தாள். வீட்டில் ஓடியது ஒரு விசிறியும் குளிர்ப்பெட்டியும்தான். விளைந்ததெல்லாம் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. பின்னறைக்குள் போய் ஏர்கோனைப் போட்டுவிட்டு அவளுடைய நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் வழியாக மீட்டர் நன்றாகத் தெரிந்தது. பிறகு குளிர் தாங்காமல் அணைத்துவிட்டு வந்துவிட்டேன்.

6

பெர்த்துக்கும் எங்களுக்கும் ஒரே மணி. நான் மத்தியானம் சாப்பிடும்போது அவளும் சாப்பிடுகிறாள். இவ்வளவு பொருத்தம் இருந்தும் பேச்சு குறைந்துபோனது. முதலில் தினம் அழைத்தாள். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை. அப்புறம் ஞாயிற்றுக்கிழமையும் துணி துவைக்க, கடைக்குப் போக என்று நழுவியது. நல்லா இருக்கியா என்று நான் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்து அனுப்பினால் ஒரு கட்டைவிரல் படம் வரும். அங்கே வெயில் எப்படி என்று கேட்டதற்கு, சாத்தூருக்கு எங்களைக் கூட்டிப் போனீர்களே, அதே வெயில் என்று எழுதியிருந்தாள். நான் விட்டுவந்த வெயில் அவளுக்கு அங்கே போய்க் கிடைத்திருக்கிறது.

மீட்டர் வந்து சில நாளில் வழக்கம்போல் மத்தியானம் இடி இடித்தது. வழக்கம்போல் மெயினை இறக்கிவிட்டுச் சாய்வு நாற்காலியில் படுத்தேன். கைபேசி அடித்தது. தர்ஷினி, அதுவும் வேலை நாளில்.

"ப்பா, வீட்ல பிளாக்கவுட்டா? ஆப்ல ஒண்ணுமே காட்டல. அலர்ட் வந்துச்சு."

மெயினை இறக்கியிருக்கிறேன் என்றேன். மெயினை இறக்கினால் தகடும் நின்றுவிடும் என்று பொறுமையாக விளக்கினாள். மழை விட்டதும் வருகிற வெயில்தான் இருப்பதிலேயே நல்ல வெயில், தகட்டுக்கு வெளிச்சம்தான் வேண்டும், சூடு ஆகாது, மழையில் குளிர்ந்து கிடக்கிற தகடு அந்த நேரத்தில் அள்ளிக் கொடுக்கும், நீங்கள் அந்த நேரம் பார்த்து அணைத்துவிட்டுத் தூங்குகிறீர்கள் என்றாள். அப்புறம் அம்மா என்ன சமைத்தாள் என்று கேட்டாள். நெத்திலிச் சம்பல் என்றேன். ஐயோ என்று ஒரு பெருமூச்சு விட்டாள். தன் அறைத்தோழி செய்கிற சாப்பாட்டைப் பற்றிக் கேலியாகச் சொன்னாள். நெடுநேரம் பேசினோம்.

மறுநாளும் இடி இடித்தது. அவள் சொன்னது நினைவிருந்தது. ஆனாலும் கை போனது, பழகிய கை. அவளும் அழைத்தாள். அன்றைக்குத் திட்டினாள், அந்தத் திட்டும் நன்றாக இருந்தது.

அப்படியே பல வாரம் போயிற்று. நான் இடிக்காகத்தான் இறக்கினேன் என்று சொல்ல ஆசைதான். ஒருநாள் காலையில் வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. கொல்லையில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அவள் அழைத்துப் பத்து நாளுக்கு மேல் ஆகியிருந்தது. நான் எழுந்து போய் மெயினை இறக்கிவிட்டு, கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அடித்தது. ஏன்பா என்றாள். ஏதோ பொசுங்கிய வாடை வந்த மாதிரி இருந்தது என்றேன். பதறிப்போய் ஒவ்வொன்றாகக் கேட்டாள். அதற்கப்புறம் மனம் கொஞ்சம் கூசியது. ஆனாலும் பிறகு இன்னும் சில முறை செய்தேன்.

அதில் ஒரு முறை லெட்சுமி பார்த்துவிட்டாள். பள்ளி விடுமுறை என்பதை நான் மறந்துவிட்டேன். அடுப்படியில் மிக்ஸி நின்றதும் வந்து பார்த்தாள், சுவிட்சுப் பெட்டிக்கு முன்னால் நான்.

"மழையும் இல்ல, இடியும் இல்ல. எதுக்கு ஆஃப் பண்றீங்க?"

பழக்கம் என்றேன். அவள் என் கையிலிருந்த கைபேசியைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் சீக்கிரம் புரிந்துவிடும்.

"புள்ளகிட்ட பேசணும்னா நீங்களே அடிங்க லா," என்றாள். "அவ என்ன வேணாம்னா சொல்லப் போறா?"

அவளுக்கு அது எளிது. நான் அழைத்தால் தர்ஷினி முதலில், என்ன விஷயம்பா என்று கேட்பாள். என்னிடம் விஷயம் இருக்காது. அவளாக அழைத்து மெயின் ஏன் நின்றது என்று கேட்டால் என்னிடம் பதில் இருக்கிறது. என் அப்பாவும் இப்படித்தான் இருந்திருக்கிறார் என்று இப்போது தெரிகிறது. நான் இங்கே வந்த பிறகு சாத்தூரில் பக்கத்து மளிகைக்கடைத் தொலைபேசிக்கு அழைத்து அவரைக் கூப்பிடச் சொல்லுவேன். ஓடி வந்து மூச்சு வாங்க ஒரே கேள்விதான் கேட்பார், "அங்க மழையாப்பா?" மழைதான் என்பேன். "நல்லாப் பெய்யட்டும்" என்பார். அடுத்து என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியாது. மனிதருக்கு மழையில் எவ்வளவு ஆசை என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

7

நேற்று முன்தினம் காலையிலும் வானம் தெளிவாக இருந்தது. வருட நிறைவு வாழ்த்துப் படம் வந்திருந்தது. அவளுக்கும் வந்திருக்கும், பார்த்துவிட்டு அழைப்பாள் என்று காத்திருந்தேன். அழைக்கவில்லை. லெட்சுமி வேலைக்குப் போனதும் மெயினை இறக்கினேன்.

அன்றைக்கு அழைப்பு வர வழக்கத்தைவிட நேரமானது. வந்தபோது அவள் குரல் தாழ்ந்திருந்தது. எங்கேயோ தாழ்வாரத்தில் நின்று பேசுகிற மாதிரி.

"ப்பா, நீங்க நல்லா இருக்கீங்களா? அம்மா?"

நல்லா இருக்கோம் என்றேன். மெயின்தான், நான்தான் என்றேன்.

"எனக்கு அலர்ட் வர்றப்பல்லாம் பயமா இருக்குப்பா. மீட்டிங்க விட்டு எந்திரிச்சு வெளிய வர்றேன். தீ பிடிச்சிருக்குமோ, உங்களுக்கு ஷாக் அடிச்சிருக்குமோன்னு. அம்மாவும் வீட்ல இல்லன்னா யாரு பாப்பாங்க? இன்னைக்கும் அப்படித்தான் வெளிய வந்தேன். மேனேஜர் கேட்டாரு, வீட்ல ஏதாச்சும் பிரச்சனையான்னு."

நான் அவளுடைய அழைப்பை மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அழைப்பதற்கு முன் அவள் அங்கே எழுந்து ஓடுகிற ஓட்டம் எனக்குத் தெரியவே இல்லை. ஒவ்வொரு முறையும் நான் என் பிள்ளையைப் பயமுறுத்திப் பேசவைத்திருக்கிறேன். மன்னிச்சுக்கம்மா என்று வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் ஏன் இறக்கினேன் என்பதையும் சொல்ல வேண்டும். எழுந்து போய் மெயினை ஏற்றிவிட்டு, இனிமே இறக்கமாட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

"பரவால்லப்பா. உங்க பழக்கம், எனக்குத் தெரியும், மாத்த முடியாது," என்றாள். குரலில் கோபமே இல்லை. "நான் அந்த ஆப்ப உங்க போனுக்கு மாத்தி விட்டுடுறேன். இனிமே நீங்களே பாத்துக்கலாம். எனக்கு வராது."

அங்கிருந்தே ஒவ்வொரு படியாகச் சொல்லிச் சொல்லி என் கைபேசியில் அதை ஏற்றினாள். கடவுச்சொல்லைக்கூட நான் மறக்கக் கூடாது என்று தன் பெயரையே வைத்தாள். எல்லாம் முடிந்து தகடு கொடுப்பதைக் காட்டும் கோடு திரையில் தெரிந்ததும், வருதாப்பா என்று கேட்டாள். வருது என்றேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

சாயங்காலம் லெட்சுமி வந்து, என்ன சொன்னாள் பிள்ளை என்று கேட்டாள். சொன்னேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

இன்றைக்கு மத்தியானம் இடி இடித்தது. பெரிய இடி, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இறக்கமாட்டேன் என்று சொன்னதெல்லாம் கைக்குத் தெரியவில்லை, எழுந்து போய் மெயினை இறக்கியிருக்கிறேன். விசிறி நின்றது. வீடு இருட்டானது. திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் சட்டைப்பையில் கைபேசி அதிர, அவசரமாக எடுத்துப் பார்த்தேன். அந்தச் செயலிதான். என் வீட்டிலிருந்து தகவல் எதுவும் வரவில்லை, உடனே கவனிக்கவும் என்று எனக்கு வந்திருந்தது.